‘முடியாது’ என்று சொல்ல முடிகிறதா?

கேள்வி:

வக்கீலம்மா, எனக்கு 29 வயது. சொந்த ஊர் ஆந்திராவில் உள்ள நகரி. கணவர் பவர்லூமில் தறி ஓட்டுகிறார். நான் வீட்டிலிருந்தே தறிக்கு நூல் தார் சுற்றிக் கொடுக்கிறேன். ஒரே பையன், ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் கணவருக்குக் கையில் அடிபட்டு நான்கு மாதம் தறிக்குப் போகவில்லை. அதில் ஏறிய கடன் இப்போது மூன்று லட்சத்தில் நிற்கிறது.

எங்கள் தெருவுக்குப் பழக்கமான ஒரு அம்மா இருக்கிறார். திருப்பதிப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். “நீ ஒரு பிள்ளை பெத்தவ, உடம்பும் நல்லா இருக்கு. வாடகைத்தாயா இருந்தா அஞ்சு லட்சம் தருவாங்க. பத்து மாசம் வேற ஊர்ல ஒரு வீட்டுல வெச்சுப் பார்த்துப்பாங்க. இங்க கேக்கறவங்களுக்கு பெங்களூர்ல கார்மெண்ட்ஸ் வேலைன்னு சொல்லிக்க. பலராமரே இப்படிப் பொறந்தவர்தான், இது புண்ணியம்” என்கிறார். முன்பணம் 25,000 தருகிறாராம். ஆதார் கார்டும் கணவர் கையெழுத்தும் கேட்கிறார்.

விஷயம் மாமியார் காதுக்குப் போய்விட்டது. என் நாத்தனார் சித்தூரில் இருக்கிறார், 38 வயது. கல்யாணமாகி 12 வருஷம். குழந்தை இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். “யாரோ ஒருத்திக்குச் சுமக்கிறவ என் பொண்ணுக்குச் சுமக்கக் கூடாதா? உன் கடனை மாப்பிள்ளை அடைச்சிடுவார்” என்கிறார் மாமியார். கணவர் வாயே திறக்கவில்லை. அண்ணி நேராக எதுவும் கேட்கவில்லை. ஆனால் முன்பு வாரம் ஒருமுறை போன் செய்தவர், இப்போது தினமும் செய்கிறார்.

நாள் முழுக்கத் தார் சுற்றினால் கூலி வாங்குகிறேன். பத்து மாதம் ஒரு உயிரைச் சுமந்ததற்குக் கூலி வாங்கினால் அது குற்றமா? சும்மா சுமந்தால் மட்டும் சரியாகிவிடுமா? குழந்தை என் சாயலில் பிறக்குமா? எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பையனுக்கு யார்? அண்ணிக்கு மாட்டேன் என்று சொன்னால் அது பாவமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நகரி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவிடம் ஆதார் கார்டைக் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸும் வேண்டாம், வாட்ஸ்அப்பில் போட்டோவும் வேண்டாம். முன்பணத்தைத் தொடாதீர்கள். உங்கள் கணவரும் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

சட்டம் சொல்வது

வாடகைத்தாய் முறையை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021 டிசம்பரில் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடப்பில் இருக்கிறது. சுமக்கும் பெண்ணுக்கான மருத்துவச் செலவு, விதிகளில் சொல்லியுள்ள மற்றச் செலவு, காப்பீடு ஆகிய மூன்றைத் தவிர வேறு எதுவும் கைமாறக் கூடாது என்கிறது அது. பணம் மட்டுமல்ல, பொருளாக, பரிசாக, வேறு சலுகையாகக் கொடுத்தாலும் அது வணிகம்தான். அதனால், “கடனை மாப்பிள்ளை அடைச்சிடுவார்” என்று உங்கள் மாமியார் சொன்னதும் இந்தத் தடைக்குள் வந்துவிடுகிறது. வீட்டுக்குள் பேசிக்கொண்டதால் அது வேறாகிவிடாது.

வணிகமாக நடத்தும் மருத்துவமனைக்கும் தரகருக்கும் 10 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். பணம் கொடுத்துக் குழந்தை தேடும் தம்பதிக்கு முதல் முறை 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது. சுமக்கும் பெண்ணைச் சட்டம் வேறு விதமாகப் பார்க்கிறது. கணவரோ, குழந்தை கேட்ட தம்பதியோ, உறவினரோ வற்புறுத்தித்தான் அவள் இதற்கு வந்தாள் என்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் கூண்டில் நிற்க வேண்டியவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா உங்கள் கணவரின் கையெழுத்தைக் கேட்கும்போது, அந்த இடத்தில் அவரைத்தான் நிறுத்தப் பார்க்கிறார்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டத்துக்கு மாறான கொடுக்கல் வாங்கலுக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே இது விதி. ஐந்து லட்சம் என்று பேசிவிட்டு, குழந்தை கைக்குப் போனதும் ஐம்பதாயிரத்தோடு உங்களை பஸ் ஏற்றிவிட்டால், மீதியைக் கேட்டு எந்தக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியாது. தறிக்காரர் வாரக்கூலியை நிறுத்தினால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. இங்கே அப்படி ஓர் இடமே கிடையாது. தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அந்த வீட்டுக்குள் நடப்பது

இந்தச் சட்டம் வருவதற்கு முன்பு ஒரு பெண் என்னிடம் ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். மஞ்சள் பையில், பையனின் பள்ளிக்கூட ரசீதுகளோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருந்தார். பதினான்கு பக்கமும் இங்கிலீஷ். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கைநாட்டு, மை பரவிப் போயிருந்தது. அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், கையெழுத்தும் போடுவார். “பின்னே ஏம்மா கைநாட்டு வெச்சீங்க?” என்று கேட்டேன். “படிக்கத் தெரியும்னு சொன்னா லேட்டாகும்னாங்க” என்றார். ஒன்பதாம் பக்கத்தில், ஆபரேஷன் பற்றிய முடிவை அவர் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. நான் அதைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்ல, அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்றைய சட்டம் அந்தக் கைநாட்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. என்ன செய்யப் போகிறார்கள், பக்கவிளைவு என்ன, பின்விளைவு என்ன என்பதை எல்லாம் விளக்கி, அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். கரு வைப்பதற்கு முந்தைய நிமிடம் வரை அவள் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். நம் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, கடைத்தெருவில் தெலுங்கு பேசி, ஆஸ்பத்திரியில் இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாம். ‘புரியும் மொழியில்’ என்ற அந்த இரண்டு சொல்லை நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

இனி, ‘பெங்களூர் வேலை’ என்று சொல்லிவிட்டுப் போகிற பெண்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். 2024 நவம்பரில் ஹைதராபாத் ராய்துர்கத்தில் அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து விழுந்து ஒடிசாவைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். வாடகைத்தாயாக இருந்தால் பத்து லட்சம் என்று சொல்லி அவரை அழைத்து வந்திருந்தார்கள் என்றது போலீஸ். 2025 ஜூலையில் செகந்திராபாத் கருத்தரிப்பு மையம் ஒன்றின் விவகாரம் வெளியே வந்தது. வாடகைத்தாய் மூலம் பெற்ற உங்கள் குழந்தை என்று சொல்லி ஒரு தம்பதியிடம் சுமார் 35 லட்சம் வாங்கியிருக்கிறார்கள். டிஎன்ஏ சோதனையில் அந்தக் குழந்தைக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று தெரிந்தது. அசாமைச் சேர்ந்த ஏழைத் தம்பதியிடம் 90,000 ரூபாய்க்கு வாங்கிய குழந்தை அது என்று போலீஸ் சொன்னது. அங்கே வாடகைத்தாய் என்ற ஒருத்தியே இல்லை. அந்தப் பெயரில் குழந்தை விற்பனைதான் நடந்திருக்கிறது.

நம் திருப்பதியின் பெயரும் இப்படி ஒரு வழக்கில் அடிபட்டது. 2022-ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் கருமுட்டையைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை வெளியே வந்தது. அவளைக் கூட்டிப் போனவர்களில் பெற்ற தாயும் ஒருவர். ஒரு பெண் தரகர் ஊடே இருந்தார். வயதைக் கூட்டிக் காட்டுவதற்குப் போலி ஆதார் தயாரித்திருந்தார்கள். விசாரித்த தமிழக சுகாதாரத் துறை, தமிழ்நாட்டில் நான்கு மருத்துவமனைகளையும் திருவனந்தபுரத்தில் ஒன்றையும் திருப்பதியில் ஒரு கருத்தரிப்பு மையத்தையும் குறிப்பிட்டது. உங்களிடம் அந்த அம்மா எடுத்த எடுப்பிலேயே ஆதார் கார்டைக் கேட்டதைப் படித்ததும் எனக்கு இந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது. உங்கள் அட்டை வேறொருத்திக்குப் போகலாம். அல்லது, வேறொருத்தியின் பெயரில் உங்களைப் பிரசவ வார்டில் சேர்க்கலாம். அந்த வார்டில் உங்களுக்கு ஏதாவது ஆனால், ஏட்டில் இருப்பது உங்கள் பெயராக இருக்காது.

கூலி கேட்பது தப்பா?

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதைக் கேட்டதற்காகக் கூச வேண்டாம். 2017 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு இதே கேள்வியைக் கேட்டது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணம் உண்டு, உடம்பைக் கொடுப்பவள் மட்டும் தியாகம் செய்ய வேண்டுமா என்ற நியாயத்தை எடுத்துப் பேசி, அவளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று தன் 102-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை.

ஏற்காததற்குக் காரணமும் இருக்கிறது. 2002-லிருந்து பல ஆண்டுகள் இந்தியா வணிக வாடகைத்தாய் முறைக்கு உலகச் சந்தையாக இருந்தது. குஜராத்தின் ஆனந்த் நகருக்கு வெளிநாட்டவர் வரிசையாக வந்தார்கள். 2008-ல் அங்கே ஜப்பானியத் தம்பதி ஒன்றுக்காக ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே அந்தத் தம்பதி விவாகரத்துப் பெற்றுவிட்டார்கள். அந்தக் குழந்தை யாருடையது, எந்த நாட்டுப் பிரஜை என்று தீர்மானிக்க முடியாமல் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் பாட்டி வந்து தூக்கிப் போனார். 2009-ல் சட்ட ஆணையம் தன் 228-வது அறிக்கையில் வணிக முறையைத் தடை செய்யச் சொன்னது. 2015-ல் வெளிநாட்டவருக்குக் கதவு சாத்தப்பட்டது. தாய்லாந்தில் 2014-ல் இரட்டைக் குழந்தைகளில் டவுன் சிண்ட்ரோம் இருந்த ஆண் குழந்தை சுமந்தவளிடமே தங்கிவிட, பெண் குழந்தையோடு ஆஸ்திரேலியத் தம்பதி ஊருக்குப் போனது உலகச் செய்தியானது. மறு ஆண்டே அந்த நாடும் வெளிநாட்டவருக்குத் தடை போட்டது. இன்றும் உலகம் இதில் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணம் கொடுத்துச் செய்யலாம். பிரிட்டனில் நியாயமான செலவை மட்டும் தரலாம். இத்தாலியோ, தன் குடிமக்கள் வெளிநாட்டுக்குப் போய்ச் செய்தாலும் குற்றம் என்று 2024-ல் சட்டம் போட்டிருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். சுமந்ததற்குக் கூலி கேட்பதில் கேவலம் ஏதும் இல்லை. ஆனால் தார் சுற்றுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. தறிக்காரரோடு ஒத்துவரவில்லை என்றால் சனிக்கிழமை கணக்கு முடித்துக்கொண்டு வேறு தறிக்குப் போய்விடலாம். ஆறாம் மாதத்தில் வயிற்றோடு கணக்கு முடிக்க முடியாது. பாதியில் இறங்க முடியாத வேலை என்றால், ஏறும் முன்பே ‘முடியாது’ என்று சொல்லும் வலு ஒருத்திக்கு முழுதாக இருக்க வேண்டும். வாசலில் கடன்காரர் நிற்கும்போது அந்த வலு எங்கிருந்து வரும்? ‘சரி’ என்று சொன்னது நீங்களா, அந்த மூன்று லட்சமா என்று உங்களுக்கே பிரித்துப் பார்க்க வராது.

சும்மா சுமந்தால் சரியாகிவிடுமா என்ற உங்கள் அடுத்த கேள்விக்கும் இதே உரைகல்தான். மாமியார் சொல், கணவரின் மௌனம், அண்ணியின் தினசரி போன், இவற்றுக்கு நடுவில் நின்று நீங்கள் ‘முடியாது’ என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால், அங்கே பணம் இல்லாவிட்டாலும் நெருக்கடி இருக்கிறது. காசு கைமாறுவதைத்தான் சட்டம் கண்காணிக்கிறது. அடுப்படியில் விழும் ஒரு பேச்சை அது கண்காணிக்க முடியாது. அந்த வேலையை வீட்டில் இருப்பவர்கள்தான் செய்ய வேண்டும்.

உடம்புக்கு என்ன ஆகும்?

முதலில் சாயல். உங்கள் கருமுட்டையைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது சட்டம். முட்டையும் விந்தணுவும் சேர்ந்து வெளியே உருவான கருவைத்தான் உங்கள் கர்ப்பப்பையில் வைப்பார்கள். அதனால் நிறம், முகச்சாயல் போன்றவை முட்டையும் விந்தணுவும் கொடுத்தவர்கள் வழியில்தான் வரும். வளர்வதற்கு வேண்டிய சத்தும் காற்றும் மட்டும் உங்கள் ரத்தத்திலிருந்து போகும். அந்த அம்மா பலராமர் கதையைச் சொன்னார் அல்லவா? தேவகியின் கருவைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்ட ரோகிணி, பிள்ளையைப் பெற்றதோடு நிற்கவில்லை. வளர்த்தவளும் அவள்தான். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அடுத்து ஆபத்து. ஊசிகளும் மாத்திரைகளும் கரு வைப்பதற்கு வாரக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2012 முதல் 2021 வரை நடந்த எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். இயல்பாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்கு உயிரை உலுக்கும் அளவு கடுமையான சிக்கல் வந்தது. பிறருக்காகச் சுமந்தவர்களில் அது 7.8 சதவீதம். அதிக ரத்தப்போக்கு, ரத்தக்கொதிப்பு போன்றவை அதில் முக்கியமானவை. கனடாவின் ஆஸ்பத்திரிகளிலேயே அந்த நிலை என்றால், ஊர் பேர் தெரியாத வீட்டில் இரவு இரண்டு மணிக்கு ரத்தம் போனால் என்ன ஆகும் என்பதை உங்கள் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசியுங்கள்.

முறைப்படி நடந்தால் உங்களுக்குச் சில கவசங்கள் உண்டு. உங்கள் பெயரில் 36 மாதத்துக்குக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். நோய், பாதிப்பு, இறப்பு எல்லாம் அதில் அடங்க வேண்டும். வழக்கமாக ஒரு கருதான் வைக்க வேண்டும், விசேஷமான நிலையில் மட்டும் மூன்று வரை. முயற்சிகள் மூன்றைத் தாண்டக் கூடாது. கருவைக் கலைக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் எழுத்து மூலமான சம்மதமும் உரிய அதிகாரக் குழுவின் அனுமதியும் இல்லாமல் அதைச் செய்யவே கூடாது. பிறந்த குழந்தைக்கு என்ன குறை இருந்தாலும் தம்பதி அதைக் கைவிட முடியாது. அந்த அம்மா சொல்கிற வீட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.

அண்ணிக்காக என்றால்

அப்படி ஒரு முடிவுக்கு நீங்கள் வந்தால், சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது. சுமக்கும் பெண் 25 முதல் 35 வயதுக்குள், திருமணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இப்படிச் சுமக்கலாம். நீங்கள் பொருந்துகிறீர்கள். தம்பதியில் மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 என்பது வயது வரம்பு. பிள்ளை இருக்கக் கூடாது. நோயால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டது ஏற்கப்படும் மருத்துவக் காரணம்தான். அண்ணியிடம் ஆரோக்கியமான கருமுட்டை இல்லாவிட்டால், மாவட்ட மருத்துவக் குழு சான்றளித்தால் தானமாகப் பெற்ற முட்டையைப் பயன்படுத்தலாம். 2024 பிப்ரவரியில் விதியை அப்படித் திருத்தினார்கள். விந்தணு கணவருடையதாக இருக்க வேண்டும்.

காகிதங்கள் இந்த வரிசையில் நடக்கும். மருத்துவத் தேவைக்கு மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று. பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார் என்று முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு. இதற்கு அவர்களும் நீங்களும் சேர்ந்து மனுச் செய்ய வேண்டும். உங்கள் பெயரில் காப்பீடு. உங்கள் உடலும் மனமும் தகுதியாக இருப்பதற்கான சான்று. எல்லாம் சேர்ந்த பிறகு, மாநில அரசு அமைத்த உரிய அதிகாரக் குழுவின் அனுமதி. அதற்குப் பிறகுதான் சிகிச்சை. அதுவும் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற மருத்துவமனையில் மட்டும். டெஸ்ட் டியூப் பேபி என்று வெளியே போர்டு மாட்டியிருப்பதால் அது வாடகைத்தாய் சிகிச்சைக்குப் பதிவு பெற்றதாக ஆகிவிடாது. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ‘பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று எங்கே சொன்னாலும், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காகிதத்தில் வராத இரண்டு விஷயங்களையும் முன்பே பேசிவிடுங்கள். ஒன்று, உங்கள் பையன். ஆறு வயதுப் பிள்ளை அம்மாவின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பான், பாப்பா எப்போது வரும் என்று கேட்பான். நீங்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு வரும் நாளில் அவனிடம் என்ன சொல்வீர்கள்? ‘பாப்பா செத்துப்போச்சு’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது அத்தையின் பாப்பா, அத்தையால் சுமக்க முடியாததால் அம்மா சுமக்கிறேன் என்று முதல் நாளிலிருந்தே சொல்லுங்கள். குழந்தைகள் உண்மையைப் பெரியவர்களைவிட எளிதாக வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது, முறை. நாத்தனாரின் குழந்தை உங்கள் மகனுக்கு அத்தை பிள்ளை. பெண்ணாகப் பிறந்தால் நம் பக்கத்து வழக்கப்படி முறைப்பெண். இருபது வருஷம் கழித்து, விஷயம் தெரியாத ஒரு பெரியவர் ‘முறைதானே’ என்று பேச்செடுப்பார். ஒரே வயிற்றில் இருந்த இரண்டு பேர் என்பது அன்றைக்கு உங்கள் மனதை அறுக்கும். சட்டத்தில் இதற்குப் பதில் கிடையாது. இரண்டு குடும்பமும் இன்றே உட்கார்ந்து, இந்தப் பிள்ளைகள் அண்ணன் தங்கை போலத்தான் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

மாட்டேன் என்றால்

பாவம் இல்லை சகோதரி. ஒரு பிள்ளையைப் பெற்று வளர்க்கிற தாய், தன் உயிரைப் பணயம் வைக்க மறுப்பதைப் பாவம் என்று எந்தச் சாமியும் சொல்லாது. திருமலைக்குப் பிள்ளை வரம் கேட்டு எத்தனையோ பேர் போகிறார்கள். வேண்டுதல் வைத்தவர்கள்தான் மொட்டை போட்டுக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் தலையை யாரும் இழுத்துப் பிடித்து மழிப்பதில்லை.

அண்ணிக்கு வேறு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காரா மூலம் சட்டப்படி தத்தெடுக்கலாம். காத்திருப்பு நீளம்தான். ஆனால் அங்கே யாருடைய உடம்பும் பணயம் ஆவதில்லை.

உங்கள் கடனுக்குத் தனியாக வழி தேட வேண்டும், வயிற்றை அதோடு முடிச்சுப் போடக் கூடாது. டுவாக்ரா மகளிர் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்றால், வங்கிக் கடன் பெற்று அதிக வட்டிக் கடனை முதலில் அடைக்க முடியுமா என்று சங்கத்தில் கேளுங்கள். கடன்காரர் மிரட்டினால் சித்தூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தாலும் போதும். அந்தத் தரகர் தொந்தரவு செய்தால் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. உங்கள் தெருவில் வேறு யாரிடமும் அந்த அம்மா பேசியிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். உங்களைப் போல் கடிதம் எழுதத் தெரியாத ஒருத்தி, இந்நேரம் முன்பணத்தை வாங்கியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. ‘வாடகைத்தாய்’ என்கிறோம். தெலுங்கிலும் ‘அத்தெ கர்ப்பம்’, வாடகைக் கர்ப்பம்தான். சட்டம் வாடகையை எடுத்துவிட்டது. பெயரில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் பெண்ணின் வயிற்றைக் காலி வீடாகக் காட்டுகிறது. வீட்டைக் கேட்கிறவர் வீட்டுக்காரரிடம் பேசினால் போதும், வீட்டிடம் கேட்க வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தரகர் உங்களிடம் பேசியிருக்கிறார், மாமியார் பேசியிருக்கிறார். உனக்கு என்ன வேண்டும் என்று உங்களை யாரும் கேட்கவில்லை. அண்ணியையும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கர்ப்பப்பையை எடுத்த நாளிலிருந்து அவர் சார்பில் அவர் அம்மாதான் பேசிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது. தினமும் வருகிற அந்த போன், கேட்கத் தெரியாத ஒருத்தியின் வேண்டுதலாக இருக்கலாம். ‘அம்மா பேசியதைப் பெரிசா எடுத்துக்காதே’ என்று சொல்ல வாய் வராமல் தவிக்கும் ஒருத்தியின் தவிப்பாகவும் இருக்கலாம்.

நாளைக்கு போன் வந்தால் வாசலுக்குத் தள்ளி வந்து, நீங்களே முதலில் பேசுங்கள். “அண்ணி, இது உங்களுக்கு வேணுமா, அத்தைக்கு வேணுமா?” என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லி முடித்ததும், உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். அது ‘முடியாது’ என்பதாக இருந்தாலும் சொல்லுங்கள்.